எல்லைக்கல்லுக்கு ஊற்றிய தேன்

ஆற்றங்கரைப் பழங்குடிக் குடியிருப்பின் ஓரத்தில், அளக்க வந்தவர்கள் ஓர் எல்லைக்கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு அப்பால் உள்ள காட்டுக்குள் அந்த மக்கள் இனி போகக்கூடாது.

கரையில் நிற்கும் கல்லுக்கெல்லாம் முதல் தேனைப் படைப்பது அவர்கள் வழக்கம். தேனெடுத்துத் திரும்பிய மருதி, புதுக்கல்லின் தலையிலும் ஊற்றிக் கும்பிட்டாள்.

கல்லுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நீர்நாயைக் கூப்பிட்டது.

"என்னைத் தாண்டிப் போய் எடுத்த தேன் இது. தடுக்க வந்த எனக்கே படைக்கிறாள்! என்னால் இங்கே நிற்க முடியாது. அடிமண்ணைத் தோண்டிவிடு."

"மீன் பிடிக்கிற நேரத்தில் இது வேறயா?" என்று முணுமுணுத்துக்கொண்டே நீர்நாய் தோண்டியது.

அடுத்த வெள்ளத்தில் கல் சாய்ந்து உருண்டது. "அப்பாடா!" என்றது.

வெள்ளம் வடிந்ததும் மருதியும் நாலு பேரும் தேடிப் போய், மணலில் கிடந்த கல்லைத் தோளில் தூக்கி வந்தார்கள்.

"நம்மளத் தடுக்க நட்ட கல்லாச்சே அக்கா, ஆத்தோட போகட்டுமே" என்றான் ஒருவன்.

"யாரு நட்டா என்ன? நம்ம மண்ணுல நின்னா நம்ம கல்லுதான்" என்றாள் மருதி.

பழைய குழியிலேயே, இன்னும் ஒரு முழம் ஆழமாக நட்டார்கள்.