வேலிக்கு அந்தப் பக்கம்

மீட்டிங் பாதியில் மறுபடியும் மேனேஜரின் முகம் வாயைப் பிளந்தபடி உறைந்து நின்றது.

அவன் லேப்டாப்பை மூடிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர், மண்வெட்டியும் கையுமாக.

அவர் தோட்டத்து வழியாகத்தான் நெட் கேபிள் வருகிறது. போன வாரம்தான் வேலியைத் தள்ளிப் போட்ட விஷயத்தில் இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றியது.

"அவன் வேலைதான்டா. மூஞ்சியே சரியில்ல பாரு," என்றார் அப்பா, படுத்தபடியே.

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பாவுக்குக் கட்டில்தான் உலகம். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் மனைவியையும் கைக்குழந்தையையும் நகரத்தில் விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று இந்தக் கிராமத்துக்கு வந்திருக்கிறான். இன்னொரு தடவை நெட் படுத்தினால் பேசாமல் ஆபீசுக்கே வந்துவிடு என்று மேனேஜர் சொல்லியாகிவிட்டது.

மோடத்தை அணைத்துப் போட்டான். பாஸ்வேர்டை மாற்றினான். மாடியேறி, கம்பத்திலிருந்து வரும் கேபிளைக் கண்ணாலேயே தடவிப் பார்த்தான்.

வேலியோரம் போய் நின்று முறைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் 'என்னப்பா?' என்பதுபோல் தலையை ஆட்டினார்.

என்ன நடிப்பு!

மறுநாள் லைன்மேன் வந்தார். தோட்டம் பூராவும் நடந்து பார்த்துவிட்டு, வெளியே ஒரு கோளாறும் இல்லை என்றார். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த ஆளும் அவருக்கு உடந்தையோ?

லைன்மேன் உள்ளே வந்து கூடத்து அலமாரியின் பின்னால் கையை விட்டார். சிரித்துவிட்டார்.

சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் மெல்லிய ஒயர் நறுக்கென்று மடக்கப்பட்டு, பிரியாமலிருக்கப் பிளாஸ்திரி சுற்றப்பட்டிருந்தது.

"உள்ள இருக்கறது கண்ணாடி இழை சார். இப்படி மடிச்சா சிக்னல் ஒழுங்கா எங்க வரும்? விஷமம் பண்ற பசங்க யாராவது இருக்காங்களா வீட்ல?"

அவன் அந்தப் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவின் தையல் காயத்துக்கு அவனே வாங்கி வந்தது.

லைன்மேன் கிளம்பிப் போனதும் கட்டிலருகே போனான். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்துப்பா எழுந்து நடக்கறீங்க?"

 சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அப்பா சொன்னார்:

"நடக்கறேன்டா, நீ உன் குழந்தைகிட்ட போன்னு நான் சொன்னா கேட்டிருப்பியா? ஆபீஸ்ல கூப்பிட்டாத்தானே நீ கிளம்புவ."