மகாலட்சுமி கை

"ஒரு வாடகையைக் குடுத்துட்டு வர்றதுக்கு ஒரு மணி நேரமாடீ?"

மாடியிலிருந்து இறங்கி வந்த ஓவியா செருப்பைக் கழற்றுவதற்குள் முகுந்த் பிடித்துக்கொண்டான்.

ஒன்றாம் தேதி வந்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் மாடியில் இருக்கும் வீட்டுக்கார நாகமணி ஆன்ட்டியால்தான். ஊரே போனில் வாடகை அனுப்புகிற காலத்தில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அந்த அம்மாளுக்கு மட்டும் கேஷ் வேண்டும். அதுவும் அவன் கையால் கொடுத்தால் வாங்க மாட்டாள்.

"வீட்டு மகாலட்சுமி கையாலதான் வாங்குவேன் தம்பி. எனக்கு அது ஒரு சென்டிமென்ட்" என்று குடிவந்த மறுமாதமே சொல்லிவிட்டாள்.

அமெரிக்காவுக்கு வந்தும் இந்தப் பைத்தியக்காரத்தனம் போகவில்லையே என்று முகுந்த் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் அவன் ஒன்றும் ஏமாளி இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம் கிடையாது, மாதா மாதம்தான். நாளைக்கே 'நீ வாடகையே தரல' என்று அந்த அம்மாள் மாற்றிப் பேசினால்? அதனால் கறாராகச் சொல்லிவிட்டான்.

"ரசீது வேணும் ஆன்ட்டி. தேதி, எந்த மாசம், வீட்டு அட்ரஸ், முழுசா வாங்கிட்டேன்னு ஒரு வரி, கீழ உங்க கையெழுத்து."

ஆன்ட்டி மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தாள். ஓவியாவின் பெயரில்.

அதற்கும் மாடிக்குப் போய்க் கத்தினான். "சம்பாதிக்கிறவன் நான். ரசீது அவ பேர்லயா?"

"கொண்டுவந்து குடுத்தவங்க பேர்லதானே தம்பி எழுத முடியும்?"

கிழத்தோடு யார் மல்லுக்கு நிற்பது? புருஷன் பெண்டாட்டியில் யார் பெயராக இருந்தால் என்ன என்று ஃபைலில் போட்டு வைத்தான். அன்றிலிருந்து மாதம் தவறாமல் போட்டு வைக்கிறான். மகா கெட்டிக்காரன்.

"கேக்கறேன்ல? மேல அப்படி என்ன பேச்சு?"

ஓவியா ரசீதை மேசைமேல் வைத்தாள். "டேகேர்ல வேலை கிடைச்சிருக்குங்க. ஆன்ட்டிக்குத் தெரிஞ்ச இடம். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"யாரைக் கேட்டு அப்ளை பண்ணின?"

"உங்களைத்தான். எத்தனையோ தடவை கேட்டுட்டேன். நீங்க பதிலே சொல்லல."

அவ்வளவுதான். முகுந்துக்குத் தலைக்கேறிவிட்டது. மேசையிலிருந்த தட்டு பறந்தது. அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய் வாசலுக்கு வெளியே விட்டான். ஜனவரிக் குளிர். ஜாக்கெட்டை எடுக்கத் திரும்பினாள். அதற்கும் விடவில்லை.

"என் காசுல நடக்கிற வீடு இது. எதிர்த்துப் பேசறவளுக்கு இங்க இடமில்ல. வெளிய நில்லு!"

சத்தம் கேட்டு நாகமணி ஆன்ட்டி இறங்கி வந்தாள். தன் சால்வையை எடுத்து ஓவியாவுக்குப் போர்த்தினாள். மூச்சு வாங்கியது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"அவளை உள்ள விடுங்க."

"இது எங்க குடும்ப விஷயம். என் வாசல்ல நின்னு பஞ்சாயத்து பண்ணினீங்கன்னா போலீஸைக் கூப்பிடுவேன். மாசா மாசம் வாடகை கட்டறவன் நான். ப்ரூஃப் இருக்கு!"

"கூப்பிடுங்க. அந்த ப்ரூஃபையும் கையோட எடுத்து வச்சுக்குங்க."

வீராப்பாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து பிரித்தான். ஓவியா. அடுத்த மாதம், ஓவியா. புரட்டப் புரட்ட ஓவியா. தேதி, அட்ரஸ், கையெழுத்து எல்லாம் அவன் கேட்டபடியே சுத்தமாக இருந்தன.

"காசு... காசு என்னோடது" என்றான்.

"காசு யாருதுன்னு நான் சொல்ல வரல. வீட்டை யாருக்கு விட்டிருக்கேன்னு போலீஸ் என்னைத்தானே கேக்கும்? இவளுக்குத்தான் விட்டிருக்கேன்."

"அப்போ அந்த மகாலட்சுமி சென்டிமென்ட்?"

"எனக்கு ஒரு சென்டிமென்ட்டும் கிடையாது. நீங்க குடிவந்த முதல் மாசம் பூரா நீங்க போட்ட சத்தம் மேல கேட்டுச்சு. என்னையும் ஒருத்தன் இப்படித்தான் பனியில வெளிய தள்ளினான். இது என் வீடுன்னு காட்ட அன்னிக்கு என்கிட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்ல."

முகுந்த் ஓவியாவைப் பார்த்து முறைத்தான். பழக்கதோஷம்.

அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். ஒரு ஜாக்கெட்டோடு திரும்பி வந்தாள். அவனுடைய ஜாக்கெட்.

"வெளிய குளிருதுங்க" என்று நீட்டினாள். "போட்டுக்கிட்டுப் போங்க."