மாதிரிக்கு ஒரு டப்பா

ஜப்பான்காரர்கள் ஆண்ட 1943. கிள்ளான் படகுத்துறைச் சுங்கக் கிடங்கில், சுமத்ராவிலிருந்து வந்த மூட்டையைக் கணக்கெழுதும் கிராணி அருளப்பன் குத்திப் பார்த்தார்.

"என்ன சரக்கு?"

"அமோனியா உரம் ஐயா," என்றார் வியாபாரி ஜெய்னுதீன்.

"உரம்னா வரி இல்லாம விட்டுடணும். சீனின்னா பட்டாளத்துக்குப் போவணும். எந்த இனம்னு நான்தான் எழுதணும். பார்த்தா சீனி கணக்கா மினுங்குதே லா."

"அல்லாஹ் அறிய உரம்தாங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. மாதிரி எடுக்கணும்."

மாதிரி என்பது விதிப்படி ஒரு கரண்டி. அருளப்பன் தம் சாப்பாட்டு டப்பாவை நிரப்பி மூடினார். அவர் வீடு சீனியைப் பார்த்து ஒரு வருடமாகியிருந்தது.

மூன்று நாள் அவர் வேலைக்கு வரவில்லை. வயிற்றைப் பிடித்தபடி வீட்டுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். நான்காம் நாள் வந்து, 'அமோனியா உரம்' என்று பதிந்து மூட்டையை விடுவித்தார்.

அடுத்த வாரம் ஜெய்னுதீன் இருபது மூட்டைகளோடு வந்து நின்றார்.

"மேல எழுதியிருக்கிறதைப் பாருங்க ஐயா, உரம். மாதிரி எடுக்க டப்பா கொண்டுவந்தீங்களா?"

அருளப்பன் எதையும் திறக்காமலே முத்திரை குத்தினார். "முதல்ல இதை என் கண்ணு முன்னாலேருந்து எடுத்துட்டுப் போயா."

அன்று மாலை பிரிக்பீல்ட்ஸில் ஜெய்னுதீனின் வீட்டில் அவர் மனைவி சௌதா தேத்தண்ணி கலக்கினாள்.

"அந்த இருபதுல ஒண்ணைப் பிரிச்சு ரெண்டு கரண்டி போடு," என்றார் ஜெய்னுதீன். "சுமத்ராக் கரையில சீனி எவ்வளவும் கிடைக்குது. முதல் மூட்டைக்கு அசல் உரம் தேடித்தான் அலைஞ்சுட்டேன்."