கம்ப்யூட்டருக்கு வந்த வியாதி

ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. வேலை வந்தால் போதும், இரைந்து, இருமி, அப்படியே உறைந்துவிடும். "பாவம், வயசாயிடுச்சு" என்று வீட்டுக்காரி தேன்மலர் உச்சுக் கொட்டுவாள். அதுவும் சுகமாகத் தூங்கிவிடும்.

ஒருநாள் அவள் பழைய கம்ப்யூட்டரையும் வேகமாக ஓடவைக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஏற்றிய பென்டிரைவைச் செருகினாள்.

"என்னை நிம்மதியா சாகவிடுப்பா" என்று முனகியது கம்ப்யூட்டர்.

"உனக்கு ஒண்ணுமே இல்ல பெருசு. உள்ள வந்து பாத்துட்டேன்" என்றது பென்டிரைவ்.

தேன்மலருக்கு இதெல்லாம் புதுசு. இரண்டு தடவை தப்பான பட்டனை அமுக்கினாள். கம்ப்யூட்டருக்கு ஒரே குஷி. மூன்றாம் தடவை லினக்ஸ் ஏறிவிட்டது. இருமலாமா என்று யோசிப்பதற்குள் கம்ப்யூட்டர் இருபதே வினாடியில் எழுந்து நின்றது.

அவள் கைதட்டினாள். மூன்று வருடமாகக் குவிந்து கிடந்த வேலையை எல்லாம் அதன் தலையில் கட்டினாள்.

பக்கத்திலிருந்த பிரிண்டர் இதைப் பார்த்தது. அவசர அவசரமாக ஒரு தாளை விழுங்கித் தொண்டையில் சிக்கவைத்துக்கொண்டது.