எதிர்த்தரப்புச் சாட்சி

“என் தம்பியா? வேற ஆளே கிடைக்கலையா சார் உங்களுக்கு?”

அக்காவின் குரல் உடைந்தது. அவளுடைய ஆய்வகத்தை நடத்த விடுவதா, இழுத்து மூடுவதா என்று முடிவு செய்ய வந்திருந்த அறக்கட்டளைத் தலைவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

“எங்களுக்கு விஞ்ஞானம் தெரியாதும்மா. உங்களுக்கு வேண்டியவங்களைக் கேட்டா ஆகா ஓகோன்னுதான் சொல்வாங்க. உங்க தம்பி வந்து பார்த்துச் சொல்லட்டும். எதிராளி வாயால வந்தா நம்பலாம்.”

எதிராளி என்றால் சாதாரண எதிராளி இல்லை. உயிர் தானாக வந்திருக்க முடியாது, அறிவுள்ள ஒருவன் திட்டம் போட்டுத்தான் படைத்திருக்கிறான் என்று ஊர் ஊராக மேடையேறிப் பேசுகிறவன். அக்காவைக் கிண்டல் செய்யும் இடத்தில்தான் அவனுக்குக் கைதட்டல் அதிகம். “எங்க அக்கா குடுவையில உயிரைச் சமைக்கிறா. அடுப்பு எரியுது எரியுது, இன்னும் ஒரு விசில்கூட வரல.”

இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததில்லை. சின்ன வயதில் அப்பா ஒரு பொம்மை மைக்ராஸ்கோப் வாங்கித் தந்தார். மழைத் தண்ணீர், குட்டைத் தண்ணீர், பூச்சாடித் தண்ணீர் என்று கிடைத்ததையெல்லாம் சொட்டு விட்டு, அக்காவும் தம்பியும் தலை முட்டப் பார்ப்பார்கள். புள்ளி புள்ளியாக ஏதேதோ நெளியும்.

“இதையெல்லாம் யாருக்கா செஞ்சா?”

“யாரும் செய்யலடா. தானா வந்துச்சு.”

“பொய் சொல்ற.”

அன்று முறுக்கிக்கொண்ட இரண்டு பேரும் வளர்ந்தார்கள். சண்டையும் கூடவே வளர்ந்தது.

உப்பு, வாயு, தண்ணீர் என்று உயிரில்லாதவற்றைக் குடுவையில் அடைத்து, கொதிக்கவைத்து, மின்பொறி கொடுத்து, ஏதாவது அசைகிறதா என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை. கல்யாணம், வீடு, தூக்கம் எல்லாவற்றையும் அந்தக் குடுவைக்கே கொடுத்தாள். பதிலுக்கு அது கொடுத்தது பழுப்பு நிறக் கறையை மட்டும்தான்.

“இன்னைக்குக் காலையில அசைஞ்சுது சார்,” என்றாள். மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடு தயாராக இருந்தது. “உறுதியா சொல்ல இன்னும் சோதிக்கணும். ஒரே ஒரு வருஷம் கொடுங்க. இது போச்சுன்னா எனக்கு வேற எதுவுமே இல்லை. கால்ல வேணும்னாலும் விழறேன்.”

நிஜமாகவே விழுந்துவிடுவாளோ என்று தலைவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தம்பி வந்தான். இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் தோள்பையை மேஜைமேல் போட்ட வேகத்தில் பூச்சாடி சாய்ந்து உருண்டது. அக்காவின் பிறந்தநாளுக்கு அவன் மனைவி அனுப்பியிருந்த பூக்கள். தலைவர் பதறிப்போய்த் தன் காகிதங்களை அள்ளினார். நல்லவேளை, எதுவும் நனையவில்லை.

ஜாடியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தம்பி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தான். வைத்த கண்ணை எடுக்கவே இல்லை.

“அசையுது,” என்றான் கடைசியில். “உயிர் இருக்கு.”

“வெளியிலேருந்து ஏதாவது கலந்திருக்குமோ?” என்று கேட்டார் தலைவர்.

தம்பி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் வெள்ளைக் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“இருக்காது. அக்கா வேலையில படு சுத்தம்.”

“அப்ப இத்தனை நாளா நீங்க மேடையில பேசினது?”

“தப்புதான்.”

“இதை வெளியில சொல்வீங்களா?”

“சாயந்திரம் கூட்டம் இருக்கு. அங்கேயே சொல்லிடறேன்.”

அதைச் சொன்னால் அந்தக் கூட்டம் அவனைச் சும்மா விடாது. அவன் பிழைப்பே அந்த மேடைதான். தலைவருக்கு அதெல்லாம் எதற்கு? ஒரு வருஷம் நீட்டித்து அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கதவு சாத்தியதும் அக்கா முக்காலியில் சரிந்தாள். நினைத்தது கிடைத்துவிட்டது, ஆனால் அழுகையை அடக்க முடியவில்லை.

“டேய், மேடையில அப்படிச் சொல்லாதடா. உன்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க.”

“விடட்டும்.”

“நீ நம்பினது எதுவும் பொய்யாகலடா. நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்…”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்.”

தம்பி தண்ணீரே இல்லாத பூச்சாடியை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் பிடித்தான். நிரம்பியதும் கொண்டுவந்து, பூக்களைச் சரிசெய்து, அக்காவின் முன்னால் வைத்தான்.

“ஒரு சொட்டு எடுக்கறதுக்கு ஜாடியையே காலி பண்ணுவியாக்கா?”