கோழிக்கூட்டுக்கு ஒரு ஃபேன்

“மருமகன், நேத்து ரெண்டு கோழி மவுத்தாகிட்டு.”

பின்கதவால் வந்து, ஹோலின் ஓரத்தில் நின்றபடியே மீராசாஹிபு சொன்னார். மருமகன் ஜுனைட், சுழலும் ஃபேனுக்கு நேர் கீழே கதிரையைப் போட்டு, அவித்த முட்டையின் கோதை உரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஃபேன் மீராசாஹிபு வாங்கி மாட்டியது. வீடும் அவர் கட்டியதுதான். மகள் பஹ்மிதாவின் நிக்காஹ் அன்று, சீதனமாக வீட்டுச் சாவியை அவர் நீட்டியபோது சாய்ந்தமருதே வாயைப் பிளந்தது. இப்போது கச்சான் அனல்காற்று வீசுகிற வீச்சில் சாய்ந்தமருதுக் கோழிகள் எல்லாம் அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

“கோழிக்குப் போய் மவுத்தெண்டு சொல்லுறீங்களே வாப்பா!” குசினியிலிருந்து பஹ்மிதா சிரித்தாள்.

“ஒரே வளவில இரிக்கிற உசிருதானே மகள். சும்மா செத்திட்டு எண்டு சொல்ல வாய் வரல்ல.”

ஜுனைட்டின் முகத்தில் உண்மையாகவே கவலை வந்தது. ஊர்க்கோழி முட்டை இல்லாமல் அவருக்குக் காலை விடியாது. கடை முட்டை வெறும் சுண்ணாம்பு என்று பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்களுக்கே பாடம் எடுப்பவர்.

“தண்ணி கிண்ணி வைக்கிறல்லயா மாமா?”

“ஐஸ் போட்டே வைக்கிறன். மகள்ட்டக் கேளுங்க, லுஹர் தொழுதிட்டு வந்து வாங்கிட்டுப் போறன். தேசிக்காயும் பிழிஞ்சு விடுறன். என்ன செஞ்சும் அந்தத் தகரம் விடுதில்ல. மேலயும் தகரம், சுத்திவரவும் தகரம். பகலைக்கு உள்ள போனா பாண் சுடுற போறணைக்குள்ள தலைய விட்ட மாதிரி இரிக்கி.”

“மத்ததுகள் எப்படி?”

“முட்டை பாதியாக் குறைஞ்சிட்டு. வயசான பேடு ஒண்டு இரிக்கி, அதப் பாக்கத்தான் ஏலாம இரிக்கி. தீன் எடுக்குதில்ல. நேத்து எழும்பி ரெண்டடி வெச்சிட்டு அப்படியே சரிஞ்சிட்டு. பொழுது படும்வரைக்கும் நான்தான் மட்டையால விசிறிக்கிட்டு இருந்தன்.”

பஹ்மிதா குசினி வாசலுக்கே வந்துவிட்டாள். “கோழிக்கு விசிறினீங்களா? உம்மா ஒண்டும் சொல்லல்லயா?”

“அவ என்ன சொல்லுற? கண்ண மூடிட்டுக் கிடந்தா.”

“அந்தக் கிழட்டுப் பேட்ட அறுத்துப் போடுங்களேன் மாமா. அத வெச்சு என்னத்துக்கு?” என்றார் ஜுனைட், உப்பைத் தேடியபடி.

மீராசாஹிபு உப்பை எடுத்துக் கொடுத்தார்.

“அப்படிச் சொல்லாதீங்க மருமகன். நல்லா இருந்த காலத்துல நம்மளுக்கெண்டே ஓடித் திரிஞ்ச உசிரு.” பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினார். “அதத்தான் விடுங்க. மத்ததுகளும் போயிட்டா, உங்கட முட்டைக்கு நான் எங்க போவன்?”

அது வேலை செய்தது. ஜுனைட் முட்டையைப் பார்த்தார். அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்.

“பஹ்மி, அந்தப் பழைய சுவர் ஃபேன் ஸ்டோருக்குள்ள சும்மாதானே கிடக்கு? கரண்ட் வேலை செய்யிற குணத்தக் கூப்பிட்டு, பின்னுக்கு வயர் இழுத்து மாட்டிக் குடுப்பம்.”

“கோழிக்கு ஃபேனா? ஊருல கேட்டாச் சிரிப்பாங்க!”

“சிரிக்கட்டும். வாயில்லாத சீவன்கள். நம்மட வளவில இரிக்கிறதுகள நாம பாக்காம ஆரு பாக்கிற? நாளைக்கு மறுமையில கேள்வி இரிக்கி.”

“நீங்க நல்லா இருக்கோணும் மருமகன்,” என்றார் மீராசாஹிபு. மனதாரத்தான் சொன்னார்.

அஸர் தொழுகைக்கு முன்பே பாண்டிருப்பிலிருந்து வயர்ச் சுருளோடு குணம் வந்துவிட்டான். வீட்டிலிருந்து பின்வளவுத் தகரக் கொட்டில்வரை வயரை இழுத்தான். ஜுனைட் அந்தப் பக்கம் வரவில்லை. கோழி மணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

“காக்கா, நேத்து எங்கட வளவில கொண்டு வந்து விட்ட ரெண்டு கோழியையும் எப்ப எடுக்கப் போறீங்க?” குணம் ஆணியை வாயில் கடித்துக்கொண்டே மீராசாஹிபுவிடம் கேட்டான்.

“மெதுவாக் கதை தம்பி. அதுகள் இஞ்ச மவுத்தாகிட்டு.”

குணம் விளங்காமல் சிரித்தான். ஃபேனை மாட்டி முடித்து, அதன் கழுத்தைப் பிடித்தபடி நின்றான். “கோழி அடையிற பக்கம் அங்காலதானே? அங்க திருப்பி விடவா?”

“கோழியெல்லாம் அந்தா, வேம்புக்குக் கீழ நல்ல குளிருல கிடக்கு. நீ இஞ்சால திருப்பு.”

குணம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கொட்டிலைப் பாதியாகத் தடுத்த பலகைக்கு இப்பால், பாயில் மீராசாஹிபுவின் மனைவி றாஹிலா சுருண்டு படுத்திருந்தாள். தலைமாட்டில் மருந்துப் போத்தல், ஐஸ் கரைந்துகொண்டிருந்த தேசிக்காய்த் தண்ணீர். மகளுக்கு வீட்டைக் கொடுத்த நாளிலிருந்து புருசனும் பெண்சாதியும் இருப்பது இங்கேதான்.

ஃபேன் சுழன்றது. றாஹிலாவின் முக்காட்டு ஓரம் படபடத்தது. கண்ணைத் திறக்காமலே காற்றின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

குணம் வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டுக் கேட்டான். “உங்களுக்கெண்டு நேராக் கேட்டிருந்தாத் தந்திருக்க மாட்டாரா காக்கா?”

மீராசாஹிபு விசிறி மட்டையைப் பலகை இடுக்கில் செருகினார்.

“போன கச்சானுக்குக் கேட்டன் தம்பி. கடல் காத்து வருதுதானே மாமா எண்டுட்டார்.”