மூக்குக்கண்ணாடி – 1

கண்ணாடி நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. மிதித்த புயலுக்குக் கேட்காமல் இருக்குமா?

புயல் என்பது வார்டருக்கு நாங்கள் வைத்த பெயர். மூக்கு நுனியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செல் கதவில் ஆளுக்கு ஒன்றாகத் தொங்கும் அட்டையை வரி வரியாகப் படிப்பார். எங்கள் பொருள்களின் பட்டியல் அது. அதில் இல்லாதது உள்ளே இருந்தால் குற்றம். சோப்பைக்கூட இரண்டாக உடைத்துப் பார்ப்பார். அவர் போன பிறகு எந்த ஜட்டி யாருடையது என்று பிரிக்கவே அரை நாள் ஆகும்.

அன்று சோதனையில் அவர் பூட்ஸுக்கு அடியில் போனது, என்னோடு அதே செல்லில் இருக்கும் தையல்காரரின் மூக்குக்கண்ணாடி.

"ஐயா, என் கண்ணாடி..."

புயல் குனிந்து பார்த்தார். "கீழே வெச்சா மிதிபடத்தான் செய்யும்" என்றார். பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு கதவு திறக்கவே இல்லை. வேலை இல்லை, முற்றம் இல்லை, குளியல் இல்லை. சோறு கம்பிக்கு அடியில் வரும். ஏன் என்று கேட்டால், "தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?" என்று பதில். பட்டறையில் கத்தரி காணோம் என்றான் பக்கத்து செல்காரன். எண்ணிக்கையில் ஒரு ஆள் குறையுது என்றான் எதிர் செல்காரன். இல்லை, ஒரு ஆள் கூடுதல் என்றான் இன்னொருவன். ஜெயிலுக்குள் எவனாவது திருட்டுத்தனமாக வருவானா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எங்களுக்கு.

இதற்கு நடுவில் தையல்காரருக்கு ஒரு கடிதம் வந்தது. மகள் எழுதியது. ஆறு வருஷத்தில் முதல் கடிதம்.

தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு தம்பி."

"குடுங்கண்ணே, நான் படிக்கிறேன்."

"வேண்டாம்ப்பா. ஆறு வருஷம் கழிச்சுப் பேசியிருக்கா. திட்டியிருந்தாலும் அதை நானே வாங்கிக்கறேன்."

சோறு கொண்டுவந்த புயலிடம் கேட்டார். "ஐயா, வேற கண்ணாடி கிடைக்குமா?"

"மனு போடு. மூணு மாசம் ஆகும்."

"ஒன்பது நாள்ல பரோல் விசாரணைங்க ஐயா. எங்கே போய்த் தங்குவேன்னு கேப்பாங்க. வீட்டுக்கு வரலாமா வேண்டாமான்னு மக இதுலதான் எழுதியிருப்பா."

"மூணு மாசம்னேன்ல" என்று சொல்லிவிட்டுப் புயல் நகர்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் மறுபடி சோதனை. எங்களை வராந்தாவில் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு அவர் மட்டும் உள்ளே போய் உருட்டினார். திரும்பி வந்தால் வழக்கமான குப்பை மேடு. தலையணையைத் தூக்கிய தையல்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

அடியில் ஒரு மூக்குக்கண்ணாடி. நாற்பது தாண்டியவர்கள் எல்லோரும் மாட்டுகிற சாதாரணக் கறுப்பு ஃபிரேம்.

"இது ஏதுண்ணே?"

"தெரியலையேப்பா."

சோதனையில் பொருள் காணாமல் போகும். புதிதாக முளைத்து நான் பார்த்ததே இல்லை.

அதற்குள் அவர் அதை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் பிரித்துவிட்டார். முகமே மாறிவிட்டது. "அப்பா, எப்படி இருக்கீங்கன்னு கேட்டிருக்கா தம்பி."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"கழட்டுங்கண்ணே. அந்த ஆள் வேணும்னே வெச்சுட்டுப் போயிருக்கான். அடுத்த சோதனையில அவனே எடுத்து, திருட்டுப் பொருள்னு எழுதுவான். உங்க பரோல் அதோட சரி."

"அவருக்கு என்மேல என்னப்பா கோபம்? நல்ல எண்ணத்துல வெச்சிருந்தா?"

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். ஏழு வருஷமா பார்க்கறேன், அவனை எனக்குத் தெரியாதா?"

"இன்னும் பத்து வரிதான். படிச்சுட்டுத் தந்துடறேன்."

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நான் யோசிக்கவில்லை. அவர் முகத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி, இரண்டாக ஒடித்து, கக்கூஸில் போட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். பூட்ஸ் சத்தம் எங்களைத் தாண்டிப் போனது.

தையல்காரர் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்துவிட்டார். "உங்க நல்லதுக்குத்தாண்ணே" என்றேன். மனிதனைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலையில் புயல் மறுபடி வந்தார். கூட வந்த வார்டர் வெளியே நின்றார். புயல் எதையும் உருட்டவில்லை. நேராகப் போய்த் தலையணையைத் தூக்கினார். ஒன்றும் இல்லை. உதறிப் பார்த்தார். தையல்காரர் முகத்தைப் பார்த்தார்.

ஏமாந்தியா, என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கதவில் தொங்கிய தையல்காரரின் அட்டையை எடுத்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் வெறுமனே திரும்பியது. அட்டையைத் தூர நீட்டிப் பிடித்தார், கண்ணைச் சுருக்கினார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

"நீ படி. எனக்கு எழுத்தே பிடிபடல."

வாங்கிப் படித்தேன். "படுக்கை ஒண்ணு. தட்டு ஒண்ணு. குவளை ஒண்ணு."

நாலாவது வரியை இரண்டு தரம் பார்த்தேன். உடைந்த பிறகும் அதைப் பட்டியலிலிருந்து யாரும் அடித்திருக்கவில்லை. யார் வந்து சோதித்தாலும் அது குற்றமாகியிருக்காது.

"மூக்குக்கண்ணாடி ஒண்ணு."

புயல் வெளியே நின்றவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, தையல்காரர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"பரவாயில்ல விடு. மக வரச் சொல்லியிருக்காளா?"